நான் அணைத்துவைத்த நீலம்

உங்கள் துறைத் தலைவர் போன மாதம் போன் செய்து, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். ஊக்கத்துக்கு என்னிடம் வழியில்லை என்றேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மூளை ஸ்கேன் படங்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதையே தொழிலாக வைத்து இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவள் நான். அந்த இருபது வருடத்தில் ஒரு நாளைப் பற்றித்தான் எனக்கு எழுத இருக்கிறது. படித்த பிறகும் உங்களுக்கு ஊக்கம் வந்தால் அது உங்கள் சாமர்த்தியம்.

விஷயம், ரத்தத்தின் தாமதம். பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனாலும் வேறு யாராவது இதை எடுத்துப் படித்தால் முழிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் மனசுக்குள் ஒரு சொல்லைச் சொல்கிறார். மூளையில் அந்த வேலைக்கு உள்ள இடம் அப்போதே அதைச் செய்து முடித்துவிடுகிறது. நம் இயந்திரத்துக்கு அந்த வேலை தெரியாது. வேலை நடந்த இடத்துக்குக் கூடுதலாக வந்து சேருகிற ரத்தம்தான் தெரியும். அது சாவகாசமாக வரும். சுமாராக ஆறு வினாடி பிடிக்கும். அதனால், பேசச் சொன்ன நேரத்தை ஆறு வினாடி தள்ளிவைத்துத்தான் படங்களோடு ஒப்பிட வேண்டும். தள்ளாமல் ஒப்பிட்டால் வேலை செய்த இடம் சும்மா இருந்ததாகக் காட்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் எங்கள் ஆஸ்பத்திரியில் இந்த வேலையைத் தொடங்கியபோது, எனக்கு முன்னால் செய்தவர் என்று யாரும் இல்லை. புத்தகத்தில் ஆறு என்று போட்டிருந்தது. புத்தகத்தை நம்புகிற ஆள் இல்லை நான். பசுமலையிலிருந்து கல்லூரி மாணவர்கள் கொஞ்சம் பேரை வரவழைத்து, எங்கள் நர்ஸுகளையும் சேர்த்து, ஒவ்வொருவரையும் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து நானே அளந்தேன். எல்லாருக்கும் ஏறக்குறைய ஆறுதான் வந்தது. எனக்கு ஒரே பெருமை. கணினியில் அந்த எண்ணை நிரந்தரமாகப் பதித்துவைத்தேன். அளந்த அத்தனை பேரும் இருபது வயதுப் பிள்ளைகள் என்பதும், ஒருவர் தலையிலும் கட்டி இல்லை என்பதும் எனக்கு அப்போது ஒரு குறையாகவே படவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பேசும்போது ரத்தம் கூடுகிற இடத்தைக் கணினி சிவப்பாகக் காட்டும். பேசும்போது குறைகிற இடத்தை நீலமாகக் காட்டும். எங்கள் மூளை அறுவைச் சிகிச்சை டாக்டருக்கு அந்த நீலம் ஆகவே ஆகாது. "இது என்னங்க, கோலம் போட்ட மாதிரி? நான் தொடக்கூடாத எடத்த மட்டும் செவப்பாக் காட்டுங்க, போதும்" என்பார். அவர் கெட்டிக்காரர், கைராசிக்காரர், நல்ல மனிதர். அவர் கேட்டது நியாயமாகவும் இருந்தது. நீலத்துக்கு எதிரே ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டால் போதும். முதலில் அவருக்கு அனுப்பும் படங்களில் மட்டும் எடுத்தேன். பிறகு நான் பார்க்கும் படங்களிலும் எடுத்துவிட்டேன்.

இந்த நிலையில்தான் வேலுச்சாமி வந்தார். பெயரை மாற்றியிருக்கிறேன்.

அவர் டவுன் பஸ் கண்டக்டர். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று முடி சுமந்தவர்கள். அந்தத் தெருவில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் இவர். ஒரு நாள் ஓடுகிற பஸ்ஸில் நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்திருக்கிறார், பேச்சு வரவில்லை. ஒரு நிமிஷம் கழித்துத் தானாக வந்துவிட்டது. இப்படி நாலைந்து தடவை நடந்த பிறகு ஸ்கேன் எடுத்ததில், மூளையின் இடது பக்கம் முன்புறத்தில் ஒரு கட்டி தெரிந்தது. மெதுவாக வளரும் கட்டி. எடுத்துவிட்டால் நல்லது, ஆனால் பேச்சுக்கான இடம் அதை ஒட்டி இருந்தால் ஆபத்து. அப்படி இருந்தால் முழுதாக எடுக்கக் கூடாது. அல்லது ஆபரேஷன் நடுவில் நோயாளியை விழிக்கவைத்து, பேசச் சொல்லிக்கொண்டே, தொட்டுத் தொட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். எது என்று சொல்ல வேண்டியது என் படம்.

இயந்திரத்துக்குள் போவதற்கு முன் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி ராக்கம்மா பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையை அணைத்துப் பிடித்தபடி நின்றார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பேச்சு போயிராதுல்ல?"

"அதைப் பார்க்கத்தான் இந்தப் படம்."

"தலவலி, கை கால் இழுக்கிறது, எது வந்தாலும் பரவால்ல. சமாளிச்சுக்கிருவேன். பேச்சு இல்லாத கண்டக்டர வச்சு என்ன செய்வாக? கட்டிக்குப் பக்கத்துல பேச்சு இருக்குனு நீங்க சொன்னீகன்னா நாங்க ஆப்ரேசனே வேணாம்னு ஊருக்குப் போயிருவோம். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

"இருந்தா இருக்குன்னு எழுதுறேன். இல்லன்னா இல்லன்னு எழுதுறேன்" என்றேன்.

"அது போதும்" என்றார் ராக்கம்மா.

திரையில் 'பேசு' என்று எழுத்து வந்தால் காய்கறிப் பெயர், ஊர்ப் பெயர் என்று மனசுக்குள் அடுக்க வேண்டும். 'நிறுத்து' என்று வந்தால் நிறுத்த வேண்டும். "மனசுக்குள்ளயே டிக்கெட் போடணும், அப்படித்தான?" என்று கேட்டுச் சிரித்தார். வழக்கமாகப் பேச முப்பது வினாடி, ஓய்வுக்கு முப்பது வினாடி விடுவேன். அன்றைக்கு இரண்டையும் பத்துப் பத்தாகக் குறைத்தேன். நடுவில் அவருக்கு வலிப்பு வந்துவிடுமோ என்ற பயம் ஒன்று. வெளியே விபத்தில் அடிபட்ட ஒருவர் தள்ளுவண்டியில் காத்திருந்தது ஒன்று. சீக்கிரம் முடிய வேண்டும். குறைத்ததில் தவறில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அப்படிக் குறைத்தால் ரத்தம் வரும் நேரத்தில் துல்லியம் இன்னும் அவசியமாகிவிடும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும்.

இயந்திரத்தை இயக்கியவர் காஜா பாய். என்னைவிட ஏழெட்டு வயது மூத்த டெக்னீஷியன். பட்டம் கிட்டம் கிடையாது, கண் மட்டும் உண்டு. படம் ஓடும்போதே இயந்திரத்தின் சொந்தத் திரையில் கரடுமுரடாக ஒரு படம் வரும். அதில் நீலத்தை யாரும் அணைத்துவைக்கவில்லை.

"மேடம், கட்டி ஓரத்துல நீலமா ஒரு பொட்டு தெரியுது. பாத்தீங்களா?"

"பார்த்தேன் பாய். பேசும்போது அங்க ரத்தம் குறையுது. அந்த இடம் வேலை செய்யலன்னு அர்த்தம்."

"கட்டி அமுக்கி ரத்தக் குழாய் நசுங்கியிருந்தா? அணையில தண்ணி தொறந்து விட்டாலும் வைகைக்குள்ள கருவேலம் மண்டிக் கெடந்தா நம்மூருக்கு லேட்டாத்தான வந்து சேருது. இவருக்கும் லேட்டா வருதோ என்னமோ. மூச்சப் புடிக்கச் சொல்லி ஒரு பத்து நிமிசம் எடுத்துருவமா?"

மூச்சைப் பிடித்தால் மூளை முழுவதும் ரத்தம் கூடும். எந்த இடத்தில் சீக்கிரம் கூடுகிறது, எந்த இடத்தில் தாமதமாகக் கூடுகிறது என்பதை அதை வைத்து அளந்துவிடலாம். அந்தச் சோதனையைக் காஜா பாய்க்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். மாணவர்களுக்குச் செய்து பார்த்திருக்கிறோம். நோயாளி ஒருவருக்கும் செய்ததில்லை.

அந்த நேரத்தில் டாக்டரின் அறையிலிருந்து மூன்றாவது தடவையாக போன் வந்தது. மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் இவருக்கு என்று குறித்தாகிவிட்டது, ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். தள்ளுவண்டியில் இருந்தவரின் சொந்தக்காரர்கள் கதவைத் தட்டினார்கள். வேலுச்சாமியை ஏற்கெனவே வெளியே இழுத்தாகிவிட்டது. அவர் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பவும் படுக்கச் சொல்ல வேண்டும்.

"வேண்டாம் பாய், ஆறு வினாடிங்கிறது நாம அளந்ததுதான்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார். அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று சில நாள் அவர் மேல்கூடக் கோபப்பட்டிருக்கிறேன். என் புத்தி அப்படி.

என் கணினியில் வந்த படம் சுத்தமாக இருந்தது. கட்டியைச் சுற்றி எதுவும் இல்லை. மாறாக, வலது பக்கத்தில் அழகாக ஒரு சிவப்பு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டி மெதுவாக வளர்ந்ததால் மூளை பேச்சை வலது பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டுவிட்டது என்று முடிவுகட்டினேன். அப்படி நடப்பது உண்டு, அபூர்வம். பேச்சுக்கான வேலை இரண்டு பக்கமும் கொஞ்சம் நடக்கும் என்பதும், இடது பக்கத்தை நானே அணைத்துவைத்துவிட்டதால் வலது மட்டும் மிஞ்சியது என்பதும் எனக்குத் தோன்றவில்லை. இதை ஏதாவது மாநாட்டில் வாசிக்கலாமே என்றுதான் தோன்றியது. உங்களிடம் ஒளித்து என்ன ஆகப்போகிறது? ஒரு மனிதனுடைய பேச்சு என் மேசையில் இருந்தபோது நான் மேடையைப் பற்றி யோசித்தேன்.

'கட்டியை ஒட்டிப் பேச்சுக்கான செயல்பாடு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராக்கம்மா என் அறைக்கே வந்து, "இல்லைனுதான எழுதியிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம், இல்லை என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் கீழே போய்ச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் அவரை விழிக்கவைக்கவில்லை. வைக்க வேண்டிய காரணம் என் ரிப்போர்ட்டில் இல்லை. கட்டியை முழுதாக எடுத்தார். மிகச் சுத்தமான வேலை என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

வேலுச்சாமிக்குப் பேச்சு வரவில்லை. முதல் நாள் மயக்கம் தெளியாததால் என்றார்கள். முதல் வாரம், வீக்கம் என்றார்கள். வீக்கம் வற்றினால் வந்துவிடும் என்று நானும் நம்பினேன். தினமும் வார்டு வழியாகப் போய் எட்டிப் பார்ப்பேன். சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. கையைத் தூக்கு என்றால் தூக்குவார், மனைவி எங்கே என்றால் காட்டுவார். வாயைத் திறந்தால் 'த, த' என்று ஒரு சத்தம் மட்டும். எழுதச் சொன்னால் பேனாவைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்ப்பார். இப்படிப் பேச்சு போனவர்களில் சிலருக்கு வசவு மட்டுமாவது மிஞ்சும் என்பார்கள். பேரைச் சொல்ல வராது, கோபம் வந்தால் கெட்ட வார்த்தை தெளிவாக வரும். இவருக்கு அதுவும் மிஞ்சவில்லை. மூன்றாவது வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவர் போன அன்றுதான் அந்தக் கோப்பைத் திரும்பத் திறந்தேன். முன்பே திறந்திருக்கலாம். பயம். நீலத்துக்கு எதிரே டிக்கைப் போட்டேன். கட்டியின் ஓரத்தில், காஜா பாய் சொன்ன இடத்தில், பொட்டு இருந்தது. ஆறு வினாடியை ஏழாக்கினேன், எட்டாக்கினேன். பொட்டு வெளிறியது. ஒன்பது, பத்து. காணாமல் போனது. பதினொன்றில் சிவப்பாக எட்டிப் பார்த்தது. பதின்மூன்றில், ரத்தச் சிவப்பாக, வலது பக்கத்தில் இருந்ததைவிடப் பெரிதாக நின்றது. பேசச் சொன்னபோது அந்த இடம் பேசித்தான் இருக்கிறது. ரத்தம் வந்து சேர்ந்தபோது நான் 'நிறுத்து' என்று போட்டிருந்தேன். அதனால் பேசும்போது குறைகிறது, நிறுத்தும்போது கூடுகிறது என்று கணக்கு தலைகீழாக வந்திருக்கிறது. எல்லாம் படத்தில் இருந்தது. ஒரு டிக் தூரத்தில் இருந்தது.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"வெட்டுனது என் கை. அது எனக்கு இருக்கட்டும்" என்றார். பிறகு, "இத அவங்கள்ட்ட போய்ச் சொல்லி என்னங்க ஆகப்போகுது? எடுத்தத திரும்ப வைக்க முடியுமா?" என்று கேட்டார். ஒளிக்கச் சொன்ன மாதிரி இல்லை. நிஜமாகவே கேட்டார். அதற்குப் பிறகு அவர் என் படங்களில் நீலம் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். நான் எல்லா நோயாளிக்கும் மூச்சுச் சோதனை செய்தேன். இதைத்தான் உங்கள் செய்முறைக் கையேட்டில் ஏழாவது படியாகப் போட்டிருக்கிறார்கள். அவசரமென்றால் விட்டுவிடலாம் என்று பக்கத்தில் யாரோ சேர்த்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். விட்டுவிடுங்கள், எனக்கென்ன? அவசரம் இல்லாத நாள் ஒன்றை நான் அங்கே பார்த்ததில்லை.

சொல்லலாமா வேண்டாமா என்று எட்டு மாதம் ஓட்டினேன். தல்லாகுளத்தில் வீடு, சாப்பாடு, தூக்கம், எல்லாம் வழக்கம்போலத்தான். அம்மாவிடம் ஒரு தடவை சொல்லப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசுவோம். அந்த மொழியில் எனக்கு ஸ்கேனும் தெரியாது, ரிப்போர்ட்டும் தெரியாது. 'ஒருத்தர் வாயை அடைத்துவிட்டேன்' என்ற பொருளில் என்னமோ சொன்னேன். யாரிடம் சண்டை போட்டாய் என்று அம்மா கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பஸ் ஏறிப் போனேன். விசாரித்துக்கொண்டே போனதில் வீடு கிடைத்தது. வேலுச்சாமி வாசலில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய், நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவரை டிப்போவில் பஸ் கழுவும் பக்கம் மாற்றியிருந்தார்கள். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை. காக்கிச் சட்டை கொடியில் காய்ந்தது.

ராக்கம்மா தண்ணீர் கொடுத்தார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். தாமதம், நீலம், ஆறு, பதின்மூன்று. முடிந்த மட்டும் எளிதாகச் சொன்னேன். என் குரல் எங்கேயும் உடையவில்லை. அதுவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

ராக்கம்மா கேட்டார், "அப்ப, பேச்சு அங்கதான் இருந்துச்சா?"

"ஆமா."

"படத்துலயும் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுது. நான்தான் அணைச்சு வச்சிருந்தேன்."

"நான் ஒங்க ரூம்புக்கு வந்து கேட்டேனே. கேட்டுட்டுத்தான போயிக் கையெழுத்துப் போட்டேன்."

"ஆமா, கேட்டீங்க."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார். வேலுச்சாமி எழுந்து என் எதிரே வந்து நின்றார். எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தார். வாயைத் திறந்தார். 'த' என்றார். திரும்பவும் 'த, த' என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. முகத்தில் கோபம் என்றும் சொல்ல முடியாது, இரக்கம் என்றும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது அவரிடம் முழுதாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

"சொல்லுங்க. அவசரமில்ல, மெதுவாச் சொல்லுங்க" என்றார் ராக்கம்மா.

அவர் முயன்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வினாடிகளை எண்ணியே பிழைத்த நான் அன்றைக்கு எண்ணவில்லை. கடைசியில் அவர் கையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போய்ச் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ராக்கம்மா என் பக்கம் திரும்பினார். அவர் குரலில் ஏளனம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார்.

"என்ன சொல்ல வந்தாரு? ஒங்களுக்குத்தான் மண்டைக்குள்ள இருக்கிறது தெரியுமே. நீங்களாச்சும் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை என்றேன்.